காணியுறுதிகளும் குடிவரலாறும்: யாழ்ப்பாணத்துத் தோம்புமரபு பற்றிய ஒரு குறிப்பு

ஒல்லாந்தர் காலத்து மூதாதை ஒருவரைப் பற்றிய கதை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் வழங்கி வருகின்றது. அம்மூதாதை பெரும்பாலும் முதலியாராகவோ கணக்கராகவோ இருந்திருப்பார். கோவிற் புத்தகத்தில் அவருக்கு ஒரு கிறித்தவப் பெயரும் வீட்டுப் படலைக்குள் ஒரு சைவப் பெயரும் இருக்கும். அவர் பறங்கித் துரைக்கு எதிரே நிமிர்ந்து நின்று பதிலிறுத்த நிகழ்ச்சி ஒன்றும் தவறாது கதையில் இடம்பெறும். இக்கட்டுரையாசிரியனின் தாய்வழிக் குடும்பத்திலும் அத்தகைய கதையொன்று உண்டு. பாட்டியார் காலமானபின் அவரது ட்றங்குப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உறுதிகளையும், அவற்றுக்கடியிற் கிடந்த ஓலை நறுக்குகள் சிலவற்றையும் வாசிக்கும் பொறுப்பு, படித்தவன் என்ற காரணத்தால், என்மீது சுமத்தப்பட்டது. குடும்பத்தார் விரும்பியவை இரண்டு. கலட்டிக் காணியொன்றை விற்பதற்கு வேண்டிய உரித்துத் தொடர்ச்சி தெளிவாக வேண்டும். அத்தோடு முதலியாரும் அகப்பட வேண்டும்.

காணிப் பத்திரங்களைக்கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவது எத்தகைய தேடல் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் அவசியம். தோம்பு என்னும் சொல் போர்த்துக்கேய மொழிவழி நமக்கு வந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், இங்கிருந்து தமக்கு வரவேண்டிய இறைகளை ஊர்வாரியாகக் கணக்கிட்டுப் பதிந்தனர். 1645 ஆம் ஆண்டுக்குரிய அவ்வாறான பதிவொன்றைத் தழுவியே பி. ஈ. பீரிஸ் 1920 இல் யாழ்ப்பாண இராச்சியத்தின் நிருவாக அமைப்புப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1658 இல் அவர்களிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, வணிகக் கம்பனிக்கே உரிய கணக்கு ஒழுங்கோடு இப்பதிவுமுறையை விரிவாக்கியது. நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு, கோவிற்பற்றுப் பள்ளிக்கூடங்களில் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிய இன்னொரு தோம்பு என அவை பெருகின. ஒல்லாந்தர் காலத் தோம்புகளுட் பல இன்று கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படுகின்றன.

இத்தோம்புகளைக் குடிமக்கள் வரலாறாக வாசிக்க முற்படுபவன் ஒன்றை மறந்துவிடலாகாது. அவை எவருடைய வரலாற்றையும் எழுதும் நோக்கத்தோடு எழுதப்பட்டவையல்ல. நிலவரி, தலைவரி, அதிகாரிவரி ஆகியவற்றை எவரிடம் அறவிடலாம், ஊழியத்துக்கு எவரை அழைக்கலாம் என்பனவே தோம்பு எழுதியவனின் கேள்விகள். ஆகவே ஒரு மனிதன் வரி செலுத்தும் காணியொன்றின் பங்காளனாக இருக்குமளவுக்கே நிலத்தோம்பில் மனிதனாகின்றான். அவனுடைய பனைகளும் தென்னைகளும் எண்ணப்பட்டன. ஒருவன் என்ன நினைத்தான், எதற்காகத் தன் சகோதரனோடு கோபித்துக்கொண்டான், எந்தக் கோயிலில் இரகசியமாக விளக்கேற்றினான் என்பவை எண்ணப்படவில்லை.

பள்ளித்தோம்பு சற்று வேறானது. கம்பனி ஆட்சியிற் பதிவுபெற்ற விவாகத்தின் பிள்ளைகளே ஐயத்துக்கிடமின்றி முதுசத்துக்கு உரித்தாளிகள். எனவே விபூதியை அழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோவிற்பற்றுப் பள்ளிக்குப் போய்வருவது காணியைக் காப்பாற்றும் வழிகளுள் ஒன்றாயிற்று. நம்மவருட் பலர் பெயரளவிற் கிறித்தவராயிருந்ததைச் சமய வரலாற்றாசிரியர் சிலர் கோழைத்தனமென்றும் வேறுசிலர் சாதுரியமென்றும் கூறுவர். அந்நடத்தையின் பொருளியல் அடிப்படையை இருசாராரும் போதிய அளவு கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் காணியுறுதிகளில் இன்றும் ‘கோவிற்பற்று’ என்ற சொல் எல்லைப் பிரிவாக நின்று நிலவுகின்றது. உறுதியை எழுதுவிப்போர் சைவர்; எழுதும் நொத்தாரிசும் சைவர்.

இனி உறுதிகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் காணியொன்றின் உரித்தைப் பின்னோக்கித் தேடுபவன், 1840 ஆம் ஆண்டுவரை ஓரளவு செப்பமான பாதையிற் செல்லலாம். அவ்வாண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென விதித்தது. (அதே ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் உறுதிகாட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியன என எடுத்துக்கொள்ள வழிசெய்தது. பத்திரமுள்ளவனுக்கு நிலம் உறுதியாயிற்று. பத்திரமில்லாதவனுக்கு நிலமே இல்லாதுபோயிற்று. இரண்டு சட்டங்களும் ஒரே ஆண்டிற் பிறந்ததைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.) அதற்கு முந்தியவை பெரும்பாலும் ஓலைகள்.

எங்கள் பெட்டியில் முதலாவதாக இருந்தது பாட்டியாரின் சீதன உறுதி. அவருக்கு அக்காணி எவ்வாறு வந்தது என்று அவ்வுறுதியே கூறுகின்றது: அவருடைய தாயாரின் சீதனம். அத்தாயாரின் உறுதியைப் பார்த்தால் அதுவும் அவ்வாறே தன் தாயை நோக்கிக் கை நீட்டுகின்றது. மூன்று தலைமுறைகள் இவ்வாறு பின்சென்றபின்னரே ஒரு விடயம் எனக்கு உறைத்தது. குடும்பத்தில் வழங்கும் கதை முற்றிலும் ஆண்களைப் பற்றியது. முதலியார், அவர் மகன், அவர் பேரன் என்று இறங்கிவருவது. காணியோ பெண்வழியே இறங்கி வந்திருக்கின்றது. கதையிலே பெண்களுக்குப் பெயர்தானும் இல்லை. உறுதியிலோ கணவன்மார் பெண்ணின் பெயருக்கு முன்னால் வரும் அடையாகவும், பின்னால் வரும் கையொப்பமாகவும் மட்டுமே உளர்.

இது விந்தையன்று. ஆளுநர் சைமன்சின் பணிப்பின்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரால் சரியென ஏற்கப்பட்டு, 1707 இல் நடைமுறைக்கு வந்த தேசவழமைத் தொகுப்பு, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கும். பழைய வழமைப்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தது என்பதை அத்தொகுப்பே கூறுகின்றது. பிற்காலத்தில் இவ்வகைகள் கலந்துவிட்டன. ஆயினும் சீதனமாகக் கொடுக்கப்படும் குடியிருப்பு வளவுகளும் அவற்றையடுத்த காணிகளும் தாய்க்குப்பின் மகள் என்ற ஒழுங்கிலேயே பெரிதும் சென்றன. இதனைப் பெண்ணுரிமையின் எச்சமெனப் போற்றுவோர் உளர். கணவனின் சம்மதமின்றித் தன் காணியை விற்க இயலாத ஒருத்தியை உடைமையாளி என்றழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எனினும் மூதாதையைத் தேடுவோர் ஆண்வழியில் மட்டும் தேடினால் யாழ்ப்பாணத்திற் பாதி நிலத்தைத் தவறவிட்டுவிடுவர் என்பது உறுதி.

ஓலைகளுக்கு வந்தபோது வாசிப்பு மெதுவாயிற்று. அக்காலத்து எழுத்திற் புள்ளியில்லை. ஏகார ஓகாரக் குறிகளும் நெடில் குறில் வேறுபாடு காட்டா. காணியின் அளவு இலாச்சக் கணக்கில், வரகு விதைப்பென்றும் நெல் விதைப்பென்றும் பிரித்துக் கூறப்பட்டிருந்தது. பதினாறு வரகுப் பரப்பு இன்றைய ஓர் ஏக்கர். நெற்பரப்பாயின் இருபத்து நான்கு வேண்டும். இந்நிலத்தில் என்ன விளையும் என்பதிலிருந்தே அளவு பிறந்தது. ஊரிலே வரகு விதைத்தவரைக் கண்டவர் இன்று அரியர். அளவையில் மட்டும் அது இன்னும் விளைகின்றது.

அச்சீதன ஓலையில் வளவு, தோட்டம், பனங்கூடல், நகை என்ற வரிசைக்குப்பின் ஒரு பெண்ணும் அவளுடைய பிள்ளையும் கொடுக்கப்பட்டிருந்தனர்.

நான் அதனைத் தவறாக வாசித்துவிட்டேனோ என்று இருமுறை பார்த்தேன். தவறில்லை. நகைக்கு எடை சொல்லப்பட்டிருந்தது. பெண்ணுக்குப் பெயர் சொல்லப்பட்டிருந்தது. பிள்ளைக்கு அதுவும் இல்லை.

யாழ்ப்பாணச் சமூகத்தில் அடிமைமுறை நிலவியதை வரலாறு கற்றோர் அறிவர். தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகள் பற்றிய தனிப்பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் முதலானோர் அதில் இடம்பெறுவர். 1697 இல் யாழ்ப்பாணக் கொமாந்தர் சுவார்டக்குரூன் தாம் இல்லாத காலத்துக்கு வழிகாட்டலாக யாழ்ப்பாண ஆலோசனைச் சபைக்கு எழுதிவைத்த அறிக்கையை 1911 இல் சோபியா பீற்றர்ஸ் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். 1694 இன் இறுதியிலிருந்து 1696 வரையான ஏறத்தாழ ஈராண்டுகளில் மாத்திரம் எதிர்க்கரையிலிருந்து 3,589 அடிமைகள் இங்கே கொண்டுவரப்பட்டமை அவ்வறிக்கையால் தெரியவருகின்றது. கம்பனி அவர்கள்மீது வரி அறவிட்டது. வாங்கியோர் இவ்வூர் நிலவுடைமையாளர். பஞ்சத்தாற் பெயர்ந்த சோழமண்டலக் கரையின் வறியோரை இங்குள்ள தோட்டங்கள் விழுங்கின. பதினெட்டாம் நூற்றாண்டிற் புகையிலைச் செய்கை பெருகிய காலத்தில், கிணற்றிலிருந்து நீரிறைத்துப் பாய்ச்சி, எருத்தாழ்த்து, இலைகிள்ளி, போறணையிற் புகையூட்டுவதற்குத் தேவைப்பட்ட கைகள் எத்தனை என்பதை எண்ணிப்பார்ப்பின் இந்நுகர்வு புலப்படும். அந்நியன் அடிமைமுறையை இங்கே புகுத்தினான் என்ற வாதமும், அது நம் பண்டை வழக்கென்ற வாதமும் பாதியுண்மைகளே. உள்ளூர் உடைமை வர்க்கத்தின் தேவையும் கம்பனியின் ஆதாயமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

ஆங்கிலேயர் 1806 இல் தேசவழமையைச் சட்டமாக ஏற்றபோது இவ்வுறவையும் சேர்த்தே ஏற்றனர். 1818 இன் ஒழுங்குவிதி அடிமைகளைப் பதிவுசெய்யுமாறு உடைமையாளரைப் பணித்தது. 1821 இல் இம்மூன்று சாதிகளிலும் பிறக்கும் பெண்குழந்தைகளைச் சிறுதொகை கொடுத்து அரசு மீட்கும் ஏற்பாடு வந்தது. 1844 இன் 20 ஆம் இலக்கச் சட்டத்தோடு அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. எங்கள் பெட்டியில் ஓலைக்கு அடுத்ததாக உள்ள நொத்தாரிசு உறுதி அதற்குப் பிந்தியது. அதே வளவு, அதே தோட்டம், அதே பனங்கூடல். ஆட்கள் இல்லை, அவ்வளவே. அவர்கள் எங்கே போனார்கள் என்று உறுதி சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அதற்கில்லை. போவதற்கு அவர்களுக்கு வேறு நிலமெதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை மட்டும் நாம் அறிவோம்.

இவ்விடத்தில் இலக்கிய மாணவன் என்ற முறையில் பெயர்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். யாழ்ப்பாணத்துப் பத்திரங்களில் ஒருவரின் பெயரீறு அவரது வர்க்கநிலையைச் சொல்லிவிடும். காணியுடையவர் கந்தர், வேலர் என ‘அர்’ விகுதி பெறுவர். அவரிடம் குடிமைசெய்பவன் கந்தன், வேலன். இலக்கணத்தில் உயர்வுப்பன்மை எனப் படிக்கும் விகுதி இங்கே உற்பத்தியுறவின் குறியாக நிற்கின்றது. எங்கள் கலட்டியின் பெயரைப் பல தடவை எழுதியும் வாசித்தும் இருந்தபோதிலும் அப்போதுதான் அதனைக் கேட்டேன் எனலாம். அது ஓர் ஆளின் பெயரோடு ‘கலட்டி’ என்ற சொல் சேர்ந்தது. அவ்வாளின் பெயர் ‘அன்’ என முடிகின்றது. உறுதிகளில் உடைமையாளராக வரும் ஒருவரும் அப்பெயரினர் அல்லர். அவர்கள் யாவரும் ‘அர்’, பெண்களாயின் ‘பிள்ளை’.

இப்பெயருடையவன் யார்? கலட்டி என்பது சுண்ணக்கற்பாறை மேலெழுந்த நிலம். அதனைப் பயிர்நிலமாக்குவதற்குக் கல்லுடைத்துப் பிறவிடத்து மண் சுமந்து பரப்ப வேண்டும். அவ்வாறு உடைத்தவனின் பெயர் நிலத்தில் ஒட்டியிருக்கலாம். அதன் மூலையிற் குடிலமைத்து இருந்தவனின் பெயராகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் காணிப்பெயர்களைத் தொகுத்து நோக்கின் தச்சன், வண்ணான் முதலான தொழிற்பெயர்களோடும் வெறும் ஆட்பெயர்களோடும் வருவன மிகப்பல. உடைமையாளனின் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகின்றது. காணியின் பெயர் தோம்பின் வழியாகவும் உறுதியின் வழியாகவும் மாறாது வருகின்றது. தன் பெயரில் ஒரு குளி நிலமும் இல்லாதவன், எல்லார் உறுதியிலும் நிலத்தின் பெயராக வந்துகொண்டிருக்கின்றான்.

தோம்பு எழுதப்பட்ட அதே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மயில்வாகனப்புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையும் எழுந்தது. அது ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்டதென அதன் சிறப்புப்பாயிரத்தால் அறிகின்றோம். எந்தப் பிரபு எந்தவூரிற் குடியேற்றப்பட்டான் என்னும் செய்திகள் அதிற் கவனமாகக் கூறப்படுகின்றன. குடியேறியோருடன் வந்த ‘அடிமை குடிமைகள்’ ஒரு தொகையாகச் சுட்டப்படுவர். கம்பனி எழுத்தனின் தோம்பும் புலவரின் வைபவமும் நோக்கத்தால் வேறுபட்டவை. எவரைப் பெயரிட்டழைப்பது என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபட்டு நிற்கின்றன. வைபவமாலையைப் பொய்யென்று மறுத்தும் மெய்யென்று நிறுவியும் நம் அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். அது எந்த வர்க்கத்தின் நினைவு என்ற கேள்வியைக் கேட்டவர் சிலரே.

பெயரிடப்படாதோரின் வரலாற்றுக்கு வேறு மூலங்கள் இல்லாமலில்லை. 1818 இன் பதிவேடுகளும் அக்காலத்து நீதிமன்ற வழக்கேடுகளும் அவர்களைப் பெயர்சொல்லி அழைக்கின்றன. அங்கும் அவர்கள் இன்னாருடைய உடைமையென்றே வந்தபோதிலும், சிலர் அவ்வுடைமையை எதிர்த்து வழக்காடியோராகவும் வருகின்றனர். நீரா விக்கிரமசிங்க 2020 இல் வெளியிட்ட இலங்கை அடிமைமுறை பற்றிய நூல் இவ்வகை ஆவணங்களைத் திறமையாகப் பயன்படுத்திக் காட்டியது. படைப்பிலக்கியத்தில், 1972 இல் வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் இம்மக்களின் வாழ்வை நாவலொன்றின் மையமாக்கி விரிவாக எழுதியது. அந்நாவலின் கலைக்குறைகளைப் பற்றி நாம் எவ்வளவும் வாதிடலாம். சீதன ஓலையிற் பெயர் பெறாத அந்தப் பிள்ளையின் பேரப்பிள்ளைகள் பேசத் தொடங்கும் இடம் அதுவே.

முதலியாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஓலையிற் பெண்ணின் தந்தையாக வருபவருக்குக் கிறித்தவப் பெயர் ஒன்று உண்டு. முதலியார் என்ற பட்டம் இல்லை. பத்துப் பதினைந்து பரப்பும் இரண்டு ஆட்களும் உடைய ஒரு நடுத்தரக் கமக்காரர் அவர். பட்டம் பிற்காலத்து நினைவு சூட்டியதாதல் வேண்டும். இதனை என் மாமனாரிடம் கூறியபோது, அது வேறு பெட்டியில் இருக்கும் என்றார்.

எஞ்சியது காணி விற்பனை. தேசவழமையின்படி காணி விற்க விரும்புபவர் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும், ஈடு பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோவிற்பற்றுக் கோயிலிற் கூறி அறிவித்தனர். 1947 இன் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்குமெனச் சுருக்கிற்று. கலட்டியின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் குடும்பம் இவ்விரு சட்டங்களிலும் எங்கும் வராது. அவர்கள் அங்கே எத்தனை தலைமுறையாக இருக்கின்றனர் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. 1990 இல் இராணுவம் வலிகாமம் வடக்கைக் கைப்பற்றியபோது அவர்களும் நாங்களும் ஒரேநாளிலேயே ஓடினோம். நாங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனோம். அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நலன்புரி முகாமில் இருந்தனர். காணிகள் விடுவிக்கப்பட்டபோது உறுதியைக் காட்டியவர்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. 2016 இன் விசேட ஏற்பாட்டுச் சட்டம் இடம்பெயர்ந்தோரின் காணியைப் பிறர் ஆட்சியுரிமை காட்டிக் கவர்ந்துகொள்ளாதபடி காத்தது. அதுவும் காணியுடையோரைக் காத்த சட்டமே.

அவர்களுட் பெரியவரிடம் காணிப்பெயரைப் பற்றிக் கேட்டேன். ‘அது எங்கட ஆளின்ரை பேரெண்டு அப்பு சொல்லுறவர், தம்பி. ஆர் எவரெண்டு தெரியாது’ என்றார். வேறு சான்று எதுவும் இல்லை. இருந்திருந்தால் அது எங்கள் பெட்டியிலேதான் இருந்திருக்கும்.

அவர்கள் இருக்கும் மூலையில் இரண்டு பரப்பைப் பிரித்து நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுத்துவிட்டு எஞ்சியதை விற்பதென என் தாயார் முடிவு செய்தார். பங்காளருட் பெரும்பாலோர் இணங்கினர். கனடாவிலுள்ள ஒருவரின் அற்றோர்ணித் தத்துவம் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே உறுதி வரைவாகவே கிடக்கின்றது. அவ்வரைவை நொத்தாரிசு வாசித்துக்காட்டியபோது, காணியின் பெயரில் வரும் ஆளின் பெயரை ‘அர்’ என முடித்து எழுதலாகாதா என்று கேட்டேன். பெயர் மாறினால் காணிக்கந்தோர்ப் பதிவோடு பொருந்தாது என்றார் அவர்.